ரெத்தினம் தரகர் படகு பார்த்த கதை

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் யாராவது பழைய டிராக்டர் வாங்க நினைத்தால் முதல் போன் ரெத்தினத்துக்குத்தான் போகும். வாங்குகிறவருக்கும் அவர்தான் தரகர். பல சமயம் விற்கிறவருக்கும் அவரேதான். அவருடைய அப்பா பண்ணையில் கூலிக்கு வேலை பார்த்தவர். அதே பண்ணைக்கு டிராக்டர் வந்தபோது அதில் ஏறி உட்கார்ந்து ஓட்டப் பழகினார் ரெத்தினம். பிறகு டிரைவர், அப்புறம் சின்னச் சின்ன ரிப்பேர், அப்புறம் ஒருவர் வண்டியை இன்னொருவருக்குக் கைமாற்றி விடுவது என்று போய், கடைசியில் அதுவே தொழிலாகிவிட்டது.

அவர் வண்டி பார்க்கிற அழகைப் பார்க்கவே ஆள் கூடும். நேரே வண்டிப் பக்கம் போக மாட்டார். பத்தடி தள்ளி நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

"என்னங்க, இதயா விக்கிறேன்னு சொன்னீங்க?"

அந்த ஒரு கேள்வியிலேயே விற்கிறவர் பாதி இறங்கி வந்துவிடுவார். மீதிப் பாதியை டயரை ஒரு உதை உதைத்தும், எண்ணெய்க் கசிவை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தும், ஒன்றுமே சொல்லாமல் "ம்ஹூம்" என்று தலையை ஆட்டியும் முடிப்பார். வண்டி பிடித்துப்போனால் முகம் இன்னும் இருண்டு போகும். முகத்தில் சந்தோஷத்தைக் காட்டிவிட்டால் பேரம் போச்சு என்பது அவர் கட்சி.

அவருக்கும் தங்கம்மாளுக்கும் ஒரே மகள் செம்மொழி. பொறியியல் படித்தாள், கூடப் படித்த இனியவனைக் கல்யாணம் செய்துகொண்டாள், இரண்டு பேரும் நெதர்லாந்தில் உட்ரெக்ட் என்கிற ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். போன சம்பா அறுவடை முடிந்த சமயம், ரெத்தினம் வைத்தியலிங்கத்தின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அவள் கூப்பிட்டாள். கடை இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கணும். நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"சொல்லும்மா. காரா?"

"படகுப்பா."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் போன் பக்கம் திரும்பினார்கள்.

"மீன் புடிக்கவாம்மா?"

"இல்லப்பா. லீவு நாள்ல ஆத்துல, வாய்க்கால்ல போறதுக்கு. உள்ளயே படுத்துக்கலாம், சமைக்கலாம், பாத்ரூம்கூட இருக்கும். மோட்டார் க்ரூஸர்னு பேரு."

டீ ஆற்றிக்கொண்டிருந்த வைத்தியலிங்கம் கையை நிறுத்திவிட்டு, "அப்ப அது வீடுல்ல? வீட்டுக்கு எதுக்குய்யா மோட்டாரு?" என்றார்.

செம்மொழி பொறுமையாக விளக்கினாள். அவர்கள் குடியிருக்கிற மூன்றாவது மாடிக்குக் கீழேயே வாய்க்கால் ஓடுகிறது. வெயில் காலம் வந்தால் குடும்பம் குடும்பமாகப் படகில் காபி குடித்துக்கொண்டே போகிறார்கள். சனிக்கிழமை புறப்பட்டு, ஏதாவது ஒரு கரையில் கட்டிப் படுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார்கள். புதுப் படகு கட்டுப்படியாகாது. முதல் தடவை வாங்குகிறவர்கள் முப்பது, நாற்பது வருஷத்துப் பழைய இரும்புப் படகாகத்தான் எடுப்பார்களாம். வருகிற ஏப்ரலில் அப்பாவும் அம்மாவும் மூன்று மாத விசாவில் வந்தால், கூட இருந்து பார்த்து எடுக்கலாம்.

"நீங்க இல்லாம நான் எந்தப் பழைய வண்டியும் வாங்குனது இல்லப்பா" என்றாள். ரெத்தினம் கடையில் இருந்த எல்லாருக்கும் தன் கணக்கில் டீ சொன்னார்.

அன்றிலிருந்து படகு படமாக வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. டீக்கடையே உட்கார்ந்து தேர்வு செய்தது. சிவப்புத் திரை போட்ட படகுக்குப் பெரும்பான்மை கிடைத்தது. ரெத்தினம் எல்லாவற்றுக்கும் "ம்ஹூம்" என்று தலையை ஆட்டினார். ஆனால் வீட்டுக்குப் போனதும் தங்கம்மாளிடம் உண்மையைச் சொன்னார்.

"தங்கம், எனக்குப் படகப் பத்தி என்ன தெரியும்? கொள்ளிடத்துல பரிசல்ல ஒருதடவ போனதோட சரி."

"தெரியலன்னு சொல்லிடுங்க."

"அது எப்படிச் சொல்றது? புள்ள நம்பிக் கேட்டிருக்கே."

"அப்ப தெரிஞ்சிக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கம்மாள் உளுந்து புடைக்கப் போய்விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான். நான்கு வார்த்தைக்கு மேல் தேவைப்படுகிற விஷயம் உலகத்தில் குறைவு என்று நினைக்கிறவர்.

தெரிந்துகொள்ள ரெத்தினம் முத்துப்பேட்டைக்கு பஸ் ஏறினார். அங்கே மீரா உசேன் இருக்கிறார். சார்ஜாவில் படகுப் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவர் மச்சானுக்கு டிராக்டர் முடித்துக் கொடுத்ததில் பழக்கம்.

விஷயத்தைக் கேட்டதும் மீரா உசேன் கடையை மகன் ஃபாஜிலிடம் விட்டுவிட்டு, அலையாத்திக் காட்டுக்குப் போகிற படகுத்துறைக்கு ரெத்தினத்தை இழுத்துக்கொண்டு போனார்.

"மொதல்ல படகுல ஏறி உக்காரு. ஏறவே பயந்தா அப்புறம் எங்க வாங்குறது?"

"எனக்கென்ன பயம் பாய்? ஆத்துல நீந்துனவன்" என்றார் ரெத்தினம். சொல்லிவிட்டு, காயலைத் தாண்டும் வரை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் வேரைத் தண்ணீரில் ஊன்றி நின்றன. படகு ஓடுகிற ஓட்டத்திலேயே பாடம் நடந்தது.

"போன ஒடனே எஞ்சின் மேல கை வச்சுப் பாரு. சூடா இருந்தா நீ வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான்னு அர்த்தம். ஆறிக் கெடக்குற எஞ்சின ஒன் கண்ணு முன்னாடி கௌப்பணும். அடிப்பலகயத் தூக்கிப் பாரு, மூக்க உள்ள விட்டு மோந்து பாரு. ஒரே ஒரு எடத்துல மட்டும் புதுப் பெயிண்டு இருந்துச்சுன்னா அங்கதான் வியாதி."

"டிராக்டர் மாதிரியேதான் பாய்."

"இல்லய்யா. டிராக்டருக்கு அடியில குனிஞ்சு பாக்கலாம். இது தண்ணிக்குள்ள இருக்கு. கிரேன்ல தூக்கி, அதுக்குன்னு இருக்குற ஆள வச்சுத் தட்டிப் பாக்கணும். அந்த எடத்துல ஒன் கண்ண நம்பாத."

ரெத்தினத்துக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு, ஏப்ரல் கடைசியில் தங்கம்மாளோடு விமானம் ஏறினார்.

உட்ரெக்டைச் சுற்றிலும் பார்த்தபோது இருவருக்கும் பெரிய ஆச்சரியம் ஒன்றும் ஏற்படவில்லை. தட்டையான பூமி, எங்கே பார்த்தாலும் வாய்க்கால், வரப்போரம் கொக்கு. "நெல்லு மட்டும்தான் இல்ல" என்றார் தங்கம்மாள். குளிர்தான் தாங்கவில்லை. ஆனாலும் முதல் படகைப் பார்க்கக் கிளம்பிய அன்று ரெத்தினம் பேண்ட் போட மறுத்துவிட்டார். வண்டி பார்க்க வேட்டியில்தான் போவது வழக்கம். ஸ்வெட்டர், குல்லா, வேட்டி, ஷூ என்று புறப்பட்டார்.

முதல் படகு பால் மாதிரி வெள்ளை. விற்கிறவர் ஓர் இளைஞர், வாய் கொள்ளாத சிரிப்பு. ரெத்தினம் பத்தடி தள்ளி நின்று முகத்தை இறுக்கிக்கொண்டார். இளைஞர் பதறிப்போய் இனியவனிடம் ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றாரு மாப்ள? எறங்கி வர்றாரா?"

"இல்ல மாமா. உங்களுக்கு ஒடம்பு சரியில்லையா, உக்கார நாற்காலி கொண்டு வரட்டுமான்னு கேக்குறாரு."

ரெத்தினத்தின் முப்பது வருஷத்து ஆயுதம் ஒரு நாற்காலியில் மழுங்கியது. சமாளித்துக்கொண்டு உள்ளே இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்து கை வைத்தார். சுட்டது. இளைஞர், காலையில் படகை இடம் மாற்றினேன் என்றார். அப்படியும் இருக்கலாம். நாளைக்கு வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருங்கள் என்று செம்மொழி கேட்டாள். நாளைக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்று பதில் வந்தது. நான்கு பேரும் திரும்பிவிட்டார்கள். ரெத்தினம் பஸ்ஸில் இருந்தபடியே மீரா உசேனைக் கூப்பிட்டு, "பாய், சூடு!" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் பஸ் முழுக்கக் கேட்டது.

இரண்டாவது படகின் உள்ளே மரவேலை அவ்வளவு நேர்த்தி. இனியவன் அப்போதே மயங்கிவிட்டான். தங்கம்மாள்தான் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "அவிச்ச நெல்ல காய வைக்காம மூட்ட கட்டுன மாதிரி நாறுது." மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கரேலென்று பூஞ்சை. அதற்கப்புறம் பார்த்ததில் ஒன்று, உயரம் அதிகம், ஊர்ப் பாலங்களுக்கு அடியில் நுழையாது. இன்னொன்றில் குள்ளமான ரெத்தினம் உட்பட யாராலுமே நிமிர்ந்து நிற்க முடியவில்லை. சனி ஞாயிறுகள் இப்படியே போயின. செம்மொழிக்குச் சலிப்பு வந்துவிட்டது. "போதும்ப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள்.

அந்த நிலையில்தான் வெக்ட் ஆற்றங்கரையில் ஒரு கிராமத்தில் யோகன்னா என்கிற அம்மாளின் படகு கண்ணில் பட்டது. யோகன்னா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர், எழுபதைத் தாண்டியவர். கணவர் இறந்துவிட்டார். தனியாகக் கயிறு கட்டி அவிழ்க்க முடியவில்லை என்று விற்கிறார். கரும்பச்சை நிறத்தில், நீளமும் இல்லாமல் குட்டையும் இல்லாமல், ஓர் இரும்புப் படகு. பக்கவாட்டில் ஏதோ பெயர் எழுதியிருந்தது.

ரெத்தினம் வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டினார். "'இதயா விக்கிறேன்னு சொன்னீங்க'ன்னு கேளும்மா" என்றார் மகளிடம்.

செம்மொழி அதை எவ்வளவு பவ்வியமாக மாற்றிச் சொன்னாளோ தெரியாது. யோகன்னா பலமாகத் தலையாட்டினார். "நானும் அதைத்தான் நினைத்தேன். இதைப் போய் யார் வாங்குவார்கள் என்று." பிறகு ஆரம்பித்தார். இடதுபக்க ஜன்னல் மழைக்கு ஒழுகும். கழிப்பறை பம்ப் கசிகிறது. ஹீட்டருக்கு மனசு இருந்தால்தான் எரியும். பின்னால் எடுத்தால் இடதுபக்கமே இழுக்கும். அடித்தகட்டை யாரும் அளந்து பார்த்து எட்டு வருஷம் ஆகிறது, பின்பக்கம் தேய்ந்திருக்கும் என்று தன் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

செம்மொழி ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, ரெத்தினம் திருதிருவென்று விழித்தார். அவர் சொல்ல வைத்திருந்த குறைகளை எல்லாம் அந்த அம்மாளே சொல்லி முடித்துவிட்டார். எஞ்சின் மேல் கை வைத்தார். ஜில்லென்று இருந்தது. யோகன்னா சாவியைத் திருப்பினார். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை ஒரு பந்து புகையைக் கக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது.

ரெத்தினம் காதைத் தீட்டிக்கொண்டார். "ஏம்மா, இது டிராக்டர் சத்தமால்ல இருக்கு?"

செம்மொழி கேட்டுச் சொன்னாள். ஆமாம், டிராக்டருக்குச் செய்த எஞ்சினைத்தான் படகுக்குத் தகுந்தபடி மாற்றிப் பூட்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கே அப்படித்தானாம்.

அவ்வளவுதான். முகத்தை மறைக்க ரெத்தினத்தால் முடியவில்லை. பல்லெல்லாம் தெரிந்தது. எஞ்சின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். யோகன்னா இன்னும் ஏதோ குறையைச் சொல்ல வாயெடுத்ததும் அவருக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா, ஜன்னல் ஒழுகுறதெல்லாம் ஒரு கொறயா? ரப்பர் மாத்துனா முடிஞ்சுது. பம்புக்கு ஒரு வாஷர். புகை மொதல்ல வரும், அப்புறம் பாருங்க, சுத்தமா இருக்கு. இந்த மாதிரி எஞ்சினு இப்ப எவன் பண்றான்? மாப்ள, இந்த வண்டிய வுட்டீங்கன்னா அப்புறம் வருத்தப்படுவீங்க!"

செம்மொழி சிரிப்பை அடக்க முடியாமல் கதவில் சாய்ந்துகொண்டாள். "அப்பா, நாம வாங்க வந்திருக்கோம்ப்பா. நீங்க யாரு பக்கம்?"

"அந்தம்மாவுக்கு விக்கத் தெரியலயேம்மா! பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்குறது?"

யோகன்னாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் தன் படகுக்காக ஒருவர் இவ்வளவு ஆவேசமாகப் பேசுகிறார் என்பது மட்டும் புரிந்தது. காபி போட்டுக் கொண்டுவந்தார். பக்கவாட்டில் எழுதியிருக்கிற 'கீவிட்' என்பது ஒரு பறவையின் பெயர் என்றார். இனியவன் அந்தப் பறவையின் படத்தைப் போனில் தேடிக் காட்டியபோது தங்கம்மாள் எட்டிப் பார்த்தார்.

"நம்ம ஆள்காட்டிக் குருவிக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கு."

அப்படியும் மீரா உசேன் சொன்னபடி சர்வேயரை வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. "சர்வேயர்னா நெலம் அளக்குறவருல்ல?" என்று ரெத்தினம் கேட்டார். வந்தவர் கல் நடவில்லை. படகைக் கிரேனில் தூக்கி நிறுத்தச் சொல்லி, பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்த அடிவயிற்றைச் சுரண்டி, கையடக்கமான ஒரு கருவியை வைத்து வைத்துத் தகட்டின் கனத்தை அளந்தார். எல்லா இடத்திலும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், பின்பக்கம் எஞ்சினுக்கு அடியில் வந்ததும் நின்றுவிட்டார். சாக்குக்கட்டியால் அங்கே ஒரு பெரிய வட்டம் போட்டார்.

வெளியிலிருந்து பார்த்த ரெத்தினத்தின் கண்ணுக்கு அந்த இடம் மற்ற இடம் மாதிரிதான் இருந்தது. ஆனால் தகடு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. இப்படியே இருந்தால் இன்சூரன்ஸ் கிடைக்காது என்றார் சர்வேயர். இனியவன் முகம் வாடிவிட்டது. யோகன்னா அந்த வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, தன் பொறுப்பில் அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துத் தருவதாகவும், அவர்கள் வேண்டாம் என்றாலும் தனக்கு வருத்தமில்லை என்றும் சொன்னார்.

செம்மொழி அப்பாவைப் பார்த்தாள். ரெத்தினம் கையை விரித்தார்.

"என்னக் கேக்காதம்மா. நான் எப்பவோ கட்சி மாறிட்டேன். நீயும் மாப்ளயும் பேசி முடிவு பண்ணுங்க."

இருவரும் கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து போனார்கள். தூரத்தில் செம்மொழி கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதும், இனியவன் நின்று நின்று கேட்பதும் தெரிந்தது. ரெத்தினம் இருக்கை கொள்ளாமல் கிரேனைச் சுற்றி வந்தார். திரும்பி வரும்போது இரண்டு பேர் முகமும் மலர்ந்திருந்தது.

"மத்தவங்க எல்லாம் நாம கண்டுபுடிக்கணும்னு விட்டாங்க மாமா" என்றான் இனியவன். "இவங்க தேஞ்சிருக்கும்னு முன்னாடியே சொன்னாங்க. சொன்ன எடத்துலதான் தேஞ்சிருக்கு. தகடு மாத்துனதும் எடுத்துக்குறோம்."

தகடு மாற்றி, சர்வேயர் மறுபடி அளந்து, காகிதங்கள் கைமாறி, படகு தண்ணீரில் இறங்க ஜூன் பாதி ஆகிவிட்டது. முதல் பயணத்துக்கு யோகன்னாவும் கூட வந்தார், படகின் குணத்தைச் சொல்லிக்கொடுக்க. இனியவன் பயந்து பயந்து ஓட்டினான். செம்மொழி கொஞ்ச நேரம் ஓட்டினாள். கரையில் மாடுகள் தலைநிமிர்த்திப் பார்த்தன. அப்போது தங்கம்மாள் புடவைக்கு மேல் போட்ட கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நான் பாக்கட்டுமா?"

வாழ்க்கையில் மொபெட்கூட ஓட்டாதவர். ஆனால் அந்த நாட்டில் அந்த அளவுப் படகுக்கு லைசென்ஸ் கேட்பதில்லை. யோகன்னா மகிழ்ச்சியோடு தலையாட்ட, செம்மொழி இடம் விட்டாள். தங்கம்மாள் சக்கரத்தைப் பிடித்தார். படகு கொஞ்சம் இப்படியும் அப்படியும் போய்ப் பார்த்துவிட்டு, சரி என்று நேராகிவிட்டது. ஒரு தாழ்ந்த பாலத்தின் நடுவில் துல்லியமாக நுழைந்து அந்தப் பக்கம் வந்தபோது, யோகன்னா கைதட்டினார்.

கயிறு ரெத்தினத்தின் பொறுப்பு. மதியச் சாப்பாட்டுக்குக் கரை ஒதுங்கியபோது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் துறையில் வைத்தார். இன்னொரு கால் படகில் இருந்தது. படகு மெதுவாக விலகியது. ரெத்தினம் அகன்றுகொண்டே போய், "தங்கம்!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் போனார்.

செம்மொழி அலறிவிட்டாள். ஆனால் அவர் தலையைத் தூக்கி, வாயிலிருந்த தண்ணீரைக் கொப்பளித்துவிட்டு, நன்றாகவே நீந்தினார். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஐஸ் மாதிரி இருக்கு, அவ்வளவுதான்" என்றார். டிராயரோடுதான் கரையேறினார். வேட்டி தனியாகக் கழன்று, வெள்ளை வெளேரென்று விரிந்து, ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது.

தங்கம்மாள் அதைப் பார்த்தார். யாரையும் கேட்கவில்லை. படகைப் பின்னால் எடுத்தார், அது இடதுபக்கம் இழுத்ததை அப்படியே பயன்படுத்தி ஒரு வட்டம் போட்டுத் திருப்பி, வேட்டியைத் துரத்திக்கொண்டு போனார். யோகன்னா முன்பக்கம் மண்டியிட்டுக் கொக்கிக் கம்பால் வேட்டியை வாரி எடுத்துக் கொடிபோலத் தூக்கிக் காட்டினார். எதிரே வந்த படகில் இருந்தவர்கள் என்ன விசேஷம் என்று தெரியாமலே ஹாரன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

குறுவை உழவு முடிகிற நேரத்தில் இருவரும் ஊர் திரும்பினார்கள். டீக்கடையில் ரெத்தினம் எல்லாவற்றையும் சொன்னார், தண்ணீரில் விழுந்ததைத் தவிர. அதைத் தங்கம்மாள் நடவு வயலில் சொன்னார், நான்கு வார்த்தைக்கு மேலேயே.

கொஞ்ச நாளில் கோட்டூர்ப் பக்கம் ஒரு டிராக்டர் விற்க வந்தது. ரெத்தினம் விற்கிறவருக்காகப் போயிருந்தார். வாங்க வந்தவரிடம் கிளட்ச் போய்விட்டது, பின் டயர் ஒரு போகம்தான் தாங்கும், பேட்டரி பழசு என்று தானாகவே வரிசையாகச் சொன்னார். அந்த ஆள் மிரண்டுபோய் அவரைத் தனியே கூட்டிப் போய்க் கேட்டார்: "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இத வேற யாருக்கோ முடிக்கப் பாக்குறீங்கதானே?" எவ்வளவு சொல்லியும் நம்பாமல், உடனே கையோடு முன்பணத்தைக் கொடுத்து வண்டியைப் பிடித்துக்கொண்டார். விற்றவருக்கு வாயெல்லாம் பல். ரெத்தினத்துக்குத்தான் அன்று முழுவதும் ஒரே குழப்பம்.

வருகிற தைக்கு யோகன்னா திருத்துறைப்பூண்டிக்கு வருகிறார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அறுவடை பார்க்க வேண்டுமாம், டிராக்டர் ஓட்ட வேண்டுமாம். நல்ல பழைய வண்டியாக ஒன்று இரவல் கேட்டு ரெத்தினம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். இதுவரை பார்த்த எதுவும் அவருக்குத் திருப்தியாக இல்லை.